ஆன்லைன் கிளாஸ் பத்தி எங்கிட்ட எல்லாரும் கேக்குத கேள்விகள்

நான் கன்னியாகுமரி மாவட்டத்துல தக்கலைக்கு பக்கத்துல எட்டாம் கிளாஸ்ல இருந்து பிளஸ் டூ வரைக்கும் கணக்கும் சயின்ஸும் டியூசன் எடுக்கேன். 2020 மார்ச்ல பள்ளிக்கூடம் எல்லாம் பூட்டுனப்போ வேற வழி இல்லாம போன்ல எடுக்க ஆரம்பிச்சது, பொறவு அதுவே பாதி பொழப்பா போச்சு. இப்போ சாயங்காலம் வீட்டுத் திண்ணையில ஒரு பேட்ச், ராத்திரி ஏழரைக்கு போன்ல ஒரு பேட்ச். அன்னையில இருந்து பஸ் ஸ்டாப்புலயும் ரேஷன் கடை வரிசையிலயும் கல்யாண வீட்டுப் பந்தியிலயும் ஒரே கேள்விங்கதான். தனித்தனியா வாய்ஸ் மெசேஜ் போட்டு தொண்டை போச்சு, அதனால எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதிட்டேன். கேள்வி அவங்கவங்க கேட்ட மாதிரியே இருக்கு, பேரு மட்டும் போடல.

டீச்சர், இந்த ஆன்லைன் கிளாஸ்னா என்னவாக்கும்? யூட்யூப்ல பாடம் பாக்குததும் இதும் ஒண்ணுதானா?

ஒண்ணு இல்ல. மூணு நாலு விதமான விஷயத்துக்கு நாம ஒரே பேரு வச்சிருக்கோம், அதான் குழப்பம். ஜூம், கூகுள் மீட் வழியா வாத்தியாரு அந்த நேரத்துலயே வந்து நடத்துதது நேரலை கிளாஸ். எடுத்து வச்ச வீடியோவ நமக்கு தோதான நேரத்துல பாக்குதது பதிவு கிளாஸ், யூட்யூப் இதுல வரும். மத்திய அரசோட ஸ்வயம் மாதிரி தளங்கள்ல வீடியோ, வாரா வாரம் கேள்வித்தாள், கடைசில பரீட்சைன்னு முழு செட்டா இருக்கும். இது போக ஸ்கிரீன்லயே சோதனை செய்யுத மெய்நிகர் லேப், கண்ணாடி மாட்டிட்டு மெய்நிகர் உலகத்த பாக்குத விஆர், அதெல்லாம் தனி, கீழ சொல்லுதேன்.

எது நல்லதுன்னு கேட்டா நான் ஒரே ஒரு திருப்பிக் கேள்விதான் கேப்பேன்: பிள்ளை எழுதுனத யாராவது பாக்காங்களா? பாக்காங்கன்னா அது கிளாஸ். யாரும் பாக்கலன்னா அது டிவி, நல்ல டிவியா இருக்கலாம், ஆனா டிவிதான்.

போன் போதுமா, லேப்டாப் வாங்கணுமா? கடைக்காரரு டேப் வாங்கச் சொல்லுதாரு.

பத்தாம் கிளாஸ் வரைக்கும் போன் போதும். கோடிங் படிக்கணும், காலேஜ் ப்ராஜெக்ட் டைப் பண்ணணும்னா லேப்டாப் வேணும், போன்ல அது நடக்காத காரியம். டேப்புல வீடியோ பெருசா தெரியும், அது மட்டுந்தான் லாபம். வீட்டுல ஸ்மார்ட் டிவி இருந்தா போன அதுல கனெக்ட் பண்ணிரலாமே, அதுக்காக பத்தாயிரம் ரூபாய எதுக்கு கொண்டு போய் கொடுக்கணும்.

மொதல்ல வாங்க வேண்டியது மைக் உள்ள ஒயர் இயர்போன். நம்ம ஊரு ஓட்டு வீட்டுலயும் தகர ஷீட்டுலயும் மழை விழுந்தா வாத்தியாரு பேசுதது ஒரு எழுத்து கேக்காது. அடுத்தது ஒரு பிளாஸ்டிக் ஹேங்கர். இத கிண்டலுக்கு சொல்லல, டியூசன் எடுக்கப் போறவங்க கேட்ட இடத்துல விவரமா எழுதியிருக்கேன்.

ஒரு மணி நேர கிளாஸுக்கு எத்தனை ஜிபி போவும்?

வீடியோ ஆன்ல வச்ச நேரலை கிளாஸ்னா அரை ஜிபியில இருந்து ஒரு ஜிபி வரைக்கும் போவும். நம்ம கேமராவ ஆஃப் பண்ணிட்டா கொறையும். யூட்யூப்ல வீடியோ தரத்த 480ல வச்சு பாத்தா ஒரு மணி நேரத்துக்கு ஏறக்கொறைய அரை ஜிபி, போர்டு எழுத்து வாசிக்க அது போதும். தினம் ஒன்றரை ஜிபி பிளான்ல ஒரு பிள்ளை படிக்கலாம், ரெண்டு பிள்ளையும் அதுக்கு மேல ரீல்ஸும்னா நடக்காது.

எங்களுக்க ஊர்ல டவரே கெடைக்காது, மழை வந்தா கரண்டும் போவும். நாங்க என்ன செய்ய?

இந்தக் கேள்வி எனக்கு பேச்சிப்பாறைக்கு மேல கோதையாறு பக்கத்துல இருந்தும் வந்திருக்கு, ரப்பர் எஸ்டேட் லைன் வீட்டுல இருந்தும் வந்திருக்கு. நம்ம மாவட்டத்துக்கு ரெண்டு பருவமழை, ஜூன்லயும் மழை, அக்டோபர், நவம்பர்லயும் மழை, ரெண்டு தடவையும் மரம் விழுந்து ஒயரு அறும். 2017 நவம்பர் கடைசில ஒக்கி வந்தப்போ நாள்கணக்கா கரண்டு இல்லாம கெடந்தத மறந்திருக்க மாட்டீங்க. அதனால நேரலை கிளாஸ மட்டும் நம்பி பீஸ் கட்டாதீங்க. வீடியோவ டவுன்லோட் பண்ணிப் பாக்க விடுவாங்களான்னு கேட்டுட்டு பைசா கொடுங்க.

அரசோட தீக்ஷா ஆப்புல பாடத்த எறக்கி வச்சிட்டு நெட் இல்லாம பாக்கலாம், நம்ம ஸ்கூல் புஸ்தகத்துல இருக்க க்யூஆர் கட்டம் அதுக்குத்தான். வாரத்துல ஒருநாள் குலசேகரத்துக்கோ மார்த்தாண்டத்துக்கோ வரும்போது எறக்கிக்கலாம். 2019 ஆகஸ்டுல ஆரம்பிச்ச கல்வி தொலைக்காட்சி கேபிள்ல வரும், அதுக்கு நெட்டே வேண்டாம். வீட்டுல பிராட்பேண்ட் இருந்தா மோடத்துக்கு மட்டும் சின்ன மினி யூபிஎஸ் கெடைக்கும், கரண்டு போனாலும் ஒரு கிளாஸ் முடியுத வரைக்கும் தாங்கும். என்னோட கிளாஸ்ல நெட் போன பிள்ளைக்கு அன்னைக்கு கணக்க ஒரு பேப்பர்ல எழுதி போட்டோ எடுத்து அனுப்பிருவேன், போட்டோ எப்படியாவது போய்ச் சேந்துரும்.

வீட்டுல போன் ஒண்ணுதான். அதும் அவரு கடலுக்கு கொண்டு போயிருவாரு. பிள்ளை எப்படி படிக்கும்?

குளச்சல் பக்கத்துல இருந்து ஒரு அம்மா இத கேட்டாங்க. நான் அதுவரைக்கும் காலையில ஆறு மணிக்கு ஒரு பேட்ச் வச்சிருந்தேன், காலையில மூளை தெளிவா இருக்கும்னு பெரிய அறிவாளி மாதிரி நினைச்சுக்கிட்டு. அந்த நேரம் பாதி வீட்டுல போன் கடல்ல இருக்கும், மீதி வீட்டுல அம்மா ரப்பர் பால் எடுக்கப் போயிருப்பாங்க. ஏழரைக்கு மாத்துனது அதுக்கப்புறந்தான்.

வாத்தியாருகிட்ட வெக்கப்படாம சொல்லுங்க, எங்க வீட்டுல போன் இந்த நேரந்தான் இருக்கும்னு. நேரம் மாத்த முடியலன்னா பதிவு கொடுக்கச் சொல்லுங்க, ஆனா மறுநாள் பிள்ளை நோட்ட போட்டோ எடுத்து அனுப்பும்னு நீங்களே வாக்கு கொடுத்திருங்க. பக்கத்து வீட்டு பிள்ளையோட சேந்து ஒரே போன்ல ரெண்டு பேரு உக்காந்தாலும் நல்லதுதான், ஒருத்தருக்கு தூக்கம் வந்தா மத்தவரு எழுப்பும்.

எவ்வளவு நேரம் பாக்கலாம்? கண்ணு கெட்டுப்போவாதா டீச்சர்?

2020 ஜூலையில மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் (இப்போ கல்வி அமைச்சகம்) பிரக்யதான்னு ஒரு வழிகாட்டி போட்டுச்சு. எல்கேஜி, யூகேஜி பிள்ளைகளுக்கு ஒரு நாளைக்கு 30 நிமிஷத்துக்கு மேல வேண்டாம், ஒண்ணுல இருந்து எட்டு வரைக்கும் 30, 45 நிமிஷ கிளாஸ் ரெண்டு, ஒம்பதுல இருந்து பன்னெண்டு வரைக்கும் நாலு. இன்னைக்கும் நான் பெத்தவங்ககிட்ட சொல்லுத கணக்கு இதுதான். ஸ்கூலும் போயிட்டு வந்து ராத்திரி மூணு மணி நேரம் ஆன்லைன் கோச்சிங்னா அது பிள்ளைக்கு பண்ணுத கொடுமை.

கண்ணுக்கு ஒரு எளிய வழி: 20 நிமிஷத்துக்கு ஒருதடவை, 20 அடி தூரத்துல இருக்க எதையாவது 20 செகண்ட் பாக்கணும். எங்க பிள்ளைகள முற்றத்துல நிக்க தென்னமரத்துல எத்தனை தேங்கா இருக்குன்னு எண்ணச் சொல்லுவேன். ராத்திரியில மரம் தெரியாது, அப்போ எதிர் வீட்டு லைட்ட பாக்கட்டும். கண்ணு செவந்தோ தலைவலியோ தொடர்ந்து இருந்தா டாக்டரப் பாருங்க, பவர் செக் பண்ணாம போன திட்டிட்டு இருக்காதீங்க.

எனக்க மோன் வீடியோ எல்லாம் பாத்து முடிச்சிட்டான், ஆப்புல பச்சை டிக் எல்லாம் விழுந்திருக்கு. ஆனா பரீட்சையில ஒண்ணும் வரல. ஏன்?

இதுதான் நான் அதிகமா கேட்ட கேள்வி. பச்சை டிக் சொல்லுதது வீடியோ ஓடி முடிஞ்சதுன்னு மட்டுந்தான். வீடியோவுல வாத்தியாரு கணக்க சரசரன்னு போடும்போது எல்லாம் வெளங்குன மாதிரிதான் இருக்கும், நமக்கும் சமையல் வீடியோ பாத்தா அப்படித்தானே இருக்கு, அடுப்புல வச்சா தெரியும் சேதி.

எட்எக்ஸ்ங்கிற ஆன்லைன் படிப்பு தளத்துல 69 லட்சம் தடவை வீடியோ பாத்த பதிவுகள எடுத்து ஆராய்ஞ்சு 2014ல ஒரு ஆய்வு வந்துச்சு. வீடியோ எவ்வளவு நீளமா இருந்தாலும் ஆளுங்க மனசு வச்சு பாக்குதது நடுவாந்தரமா ஆறு நிமிஷந்தான்னு அதுல தெரிஞ்சது. பெரியவங்களுக்கே ஆறு நிமிஷம், ஒம்பதாம் கிளாஸ் பையனுக்கு நாப்பது நிமிஷ வீடியோ போட்டுக் கொடுத்தா அவன் என்ன செய்வான் பாவம். அதே மாதிரி, வாசிச்சதையே திரும்பத் திரும்ப வாசிக்கிறவங்கள விட, புஸ்தகத்த மூடி வச்சிட்டு ஞாபகத்துல இருந்து எழுதிப் பாத்தவங்களுக்கு ஒரு வாரம் கழிச்சும் நிறைய ஞாபகம் இருந்துச்சுன்னு 2006லயே ரோடிகர், கார்பிக்கேன்னு ரெண்டு உளவியல்காரங்க சோதிச்சுக் காட்டியிருக்காங்க.

வீட்டுல செய்ய வேண்டியது இவ்வளவுதான். ஆறு ஏழு நிமிஷம் ஓடுனதும் நிறுத்தணும். போன கவுத்து வைக்கணும், திரும்பிப் பாக்குத மாதிரி இல்ல, முழுசா கவுத்து. இப்போ பாத்த கணக்க நோட்டுல அவனே போடணும். எங்க முட்டுதோ அந்த இடத்துல ஒரு கோடு போட்டுட்டு அந்த எடத்த மட்டும் திரும்ப பாக்கணும். ஒங்களுக்கு கணக்கு தெரியணும்னு இல்ல, நோட்டுல அன்னைக்கு தேதி போட்டு எழுதியிருக்கானான்னு பாத்தா போதும். எழுத்தே படிக்கத் தெரியாத ஒரு பாட்டி இத செஞ்சாங்க, பேரன் நோட்டுல எத்தனை கோடு இருக்குன்னு எண்ணுவாங்க. கோடு இல்லாத அன்னைக்கு அவன் சும்மா காப்பி அடிச்சிருக்கான்னு சரியா கண்டுபிடிச்சாங்க.

பிள்ளை படிக்குத ஸ்கூல்ல லேப் சரியில்ல. ஆன்லைன்ல பிராக்டிகல் செய்ய முடியுமாமே?

முடியும், ஓசியிலயே. அமெரிக்காவுல கொலராடோ பல்கலைக்கழகத்துல நோபல் பரிசு வாங்குன கார்ல் வைமன் 2002ல ஆரம்பிச்ச ஃபெட்னு ஒரு தளம் இருக்கு. பேட்டரி, பல்பு, ஒயரு எல்லாத்தையும் வெரலால இழுத்துப்போட்டு சர்க்யூட் கட்டலாம், போன் பிரவுசர்லயே ஓடும், சிலது தமிழ்லயும் இருக்கு. நம்ம நாட்டுல அமிர்தா பல்கலைக்கழகமும் மத்திய அரசோட சிடாக் நிறுவனமும் சேந்து செஞ்ச ஓலேப்ஸ் தளம் ஒம்பதுல இருந்து பன்னெண்டு வரைக்கும். காலேஜ் பிள்ளைகளுக்கு மத்திய அரசோட விர்ச்சுவல் லேப்ஸ் இருக்கு, சில ஐஐடிங்களும் வேற கல்லூரிகளும் சேந்து நடத்துதது.

போன வருஷம் பத்தாம் கிளாஸ் பேட்சுக்கு ஓம் விதி எடுக்கும்போது ஃபெட்ட தொறந்தேன். எல்லாரும் ஒழுங்கா பல்ப எரியவச்சாங்க. ஒருத்தன் மட்டும் பல்பே இல்லாம பேட்டரியோட ரெண்டு முனையையும் ஒயரால சேத்துட்டான், ஸ்கிரீன்ல பேட்டரி தீப்பிடிச்சு எரியுது. “டீச்சர் எனக்க பேட்டரி கத்துது”ன்னு ஒரே கூச்சல், கத்துதுன்னா எங்க பக்கத்துல எரியுதுன்னு அர்த்தம். நான் பாடத்த விட்டுட்டு ஏன் கத்துதுன்னு கேட்டேன். மின்தடை பூஜ்யத்துக்கிட்ட போனா மின்னோட்டம் எங்க போவும்னு ஒவ்வொருத்தரா சொல்லிச் சொல்லி, கடைசில வீட்டுல ஃப்யூஸ் ஏன் போவுதுங்கிற வரைக்கும் போயிட்டாங்க. நெஜ லேப்ல அவன அப்படி செய்ய விட்டிருப்பேனா? விட்டிருக்க மாட்டேன்.

ஆனா ஒண்ணு. ஸ்கிரீன்ல பிப்பெட்டு கை நழுவாது, அமிலத்துக்கு வாடை கெடையாது, அளவு எப்பவும் கரெக்டா வரும். பிளஸ் டூ பிராக்டிகல் பரீட்சைக்கு கைப்பழக்கம் வேணும், அதுக்கு நெஜ லேப்தான். மெய்நிகர் லேப்ப முந்தின நாள் பாத்துட்டு மறுநாள் நெஜ லேப்புக்கு போனா அங்க நேரம் மிச்சம், அப்படித்தான் அத பயன்படுத்தணும்.

கண்ணாடி மாட்டிட்டு பாக்குத விஆர் கிளாஸ் நல்லதா? ஸ்கூல்ல அதுக்கு தனியா பீஸ் கேக்காங்க.

இதயத்துக்குள்ள போய் நிக்கிற மாதிரி, சூரிய குடும்பத்த சுத்தி வர்ற மாதிரி காட்டும்போது பிள்ளைகளுக்கு கண்ணு விரியும், அது உண்மை. இடம், உருவம், தூரம் சம்பந்தப்பட்ட பாடத்துக்கு பிரயோஜனம் உண்டு. இலக்கணத்துக்கும் இயற்கணிதத்துக்கும் ஒண்ணும் இல்ல. நான் தனியா பீஸ் கட்ட மாட்டேன்.

இது புதுசும் இல்ல. 2003ல செகண்ட் லைஃப்னு ஒரு மெய்நிகர் உலகம் வந்துச்சு, வெளிநாட்டு பல்கலைக்கழகங்க போட்டி போட்டு அதுக்குள்ள தீவு வாங்கி கட்டடம் கட்டுனாங்க, பொம்மை உருவத்துல வாத்தியாரு, பொம்மை உருவத்துல பிள்ளைங்க. கொஞ்ச வருஷத்துல பல பேரு காலி பண்ணிட்டு போயிட்டாங்க. இடத்த கட்டுதது லேசு, அதுக்குள்ள தினம் என்ன பாடம், யாரு திருத்துததுங்கிறதுதான் பாடு. ஸ்கூல்ல கேளுங்க: வாரத்துக்கு எத்தனை நிமிஷம், எந்த பாடம், எத்தனை பிள்ளைக்கு ஒரு கண்ணாடி? பதில் சொன்னா பேசலாம். ஆசைக்கு ஒருதடவை பாக்கணும்னா 2014ல கூகுள் காட்டுன மாதிரி அட்டைப்பெட்டி கண்ணாடியில போன சொருகிப் பாத்தா போதும். விலை கூடுன மெட்டா கண்ணாடிய 10 வயசுக்கு கீழ உள்ள பிள்ளைக்கு கொடுக்காதீங்கன்னு அந்தக் கம்பெனியே சொல்லுது.

ஸ்வயம்னு சொல்லுதாங்களே, உண்மையிலயே ஓசியா? சர்டிபிகேட் செல்லுமா?

படிக்க ஓசி, பரீட்சைக்கு பைசா. ஸ்வயம் 2017 ஜூலையில மத்திய அரசு தொடங்குனது. அதுல இன்ஜினியரிங், சயின்ஸ் பாடம் நிறைய என்பிடெல் கொடுக்குதது, அது ஐஐடிகளும் பெங்களூர் ஐஐஎஸ்சியும் சேந்து 2003ல ஆரம்பிச்சது. நான் ஒரு கோர்ஸ் எழுதுனப்போ பரீட்சை பீஸ் 1000 ரூபாய், சென்டருக்கு நேர்ல போய் எழுதணும். வாராந்திர அசைன்மென்ட்டுக்கு 25 மார்க், பரீட்சைக்கு 75. அசைன்மென்ட்ல 10ம் பரீட்சையில 30ம் ரெண்டும் தனித்தனியா வேணும், அதனால வாரா வாரம் போடாம கடைசில பாத்துக்கலாம்னு இருந்தா போச்சு. யூஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதிப்படி காலேஜ் ஒத்துக்கிட்டா 40 சதவீதம் வரைக்கும் கிரெடிட் (டிகிரிக்கு சேருத புள்ளி) இதுல இருந்து எடுக்கலாம், ஒங்க காலேஜ் ஒத்துக்குதான்னு சேருததுக்கு முந்தியே ஆபீஸ்ல கேட்டு வைங்க.

சேருதது லேசு, முடிக்கிறதுதான் பாடு. ஹார்வர்டு, எம்ஐடி நடத்துன ஓசி கோர்ஸ்கள்ல 2017-18ல சேந்தவங்கள்ல முடிச்சவங்க 100க்கு சுமார் 3 பேர்தான். நானும் மூணு கோர்ஸ்ல சேந்து ஒண்ணுதான் முடிச்சேன். முடிச்ச அந்த ஒண்ணுல எங்கூட ஒரு பிரெண்டும் சேந்திருந்தா, ஞாயித்துக்கிழமை ராத்திரி “அசைன்மென்ட் போட்டியாடீ”ன்னு மெசேஜ் வரும், அதுக்கு பயந்தே போட்டேன்.

நான் துபாய்ல இருக்கேன் அக்கா. டிகிரி பாதியில விட்டுட்டேன். ஆன்லைன் டிகிரி செல்லுமா?

அனுமதி உள்ள பல்கலைக்கழகம்னா செல்லும். யூஜிசி 2022 செப்டம்பர்ல தெளிவாவே சொல்லிருச்சு, அனுமதி பெற்ற இடத்துல தொலைதூரத்துலயோ ஆன்லைன்லயோ வாங்குன டிகிரி, நேர்ல போய் படிச்ச டிகிரிக்கு சமம்னு. ஆனா அனுமதி ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் ஒவ்வொரு படிப்புக்கும் தனி. தொலைதூர, ஆன்லைன் படிப்புகள கவனிக்குத யூஜிசியோட டெப் தளத்துல நீங்க சேரப்போற வருஷத்துக்கு அந்த படிப்பு இருக்கான்னு நீங்களே பாருங்க, ஏஜென்ட் அனுப்புன ஸ்கிரீன்ஷாட்ட நம்பாதீங்க. 2024ல இருந்து இந்திய மாணவங்க சேர டெப் ஐடி எடுக்கணும். அது வேண்டாம், நாங்களே பாத்துக்கிடுவோம்னு ஒருத்தரு சொன்னா அதோட போன கட் பண்ணிருங்க.

கணக்குல பிடிப்பு இருந்தா சென்னை ஐஐடியோட டேட்டா சயின்ஸ் படிப்ப பாருங்க, 2020ல ஆரம்பிச்சது. ஜேஇஇ நுழைவுத் தேர்வு வேண்டாம், நாலு வாரம் படிச்சுட்டு தகுதித் தேர்வு எழுதணும், பாதியில நிறுத்துனாலும் முடிச்ச அளவுக்கு சர்டிபிகேட்டோ டிப்ளமோவோ உண்டு. பாடம் ஆன்லைன், பரீட்சை நேர்ல.

தங்கச்சிக்கு ஆன்லைன்ல நர்சிங் சேத்துவிடட்டா? ஒரு ஏஜென்ட் சீட் வாங்கித் தாறேன்னு சொல்லுதாரு.

வேண்டாம். நர்சிங், இன்ஜினியரிங், மருத்துவம், பார்மசி, சட்டம் இதையெல்லாம் ஆன்லைன்லயோ தொலைதூரத்துலயோ நடத்த யூஜிசி அனுமதி கெடையாது. நம்ம மாவட்டத்துல வீட்டுக்கு ஒரு நர்ஸ் வெளிநாட்டுல இருக்கிறதால இந்த ஏஜென்டுங்களுக்கு இங்க நல்ல வேட்டை. ஊசி போட வீடியோவுல படிச்சவ கையில நீங்க ஊசி போட்டுக்குவீங்களா?

ஆன்லைன் கிளாஸ் கம்பெனிக்காரங்க வீட்டுக்கு வந்து பேசி கையெழுத்து வாங்கிட்டு போனாங்க, இப்போ மாசாமாசம் அக்கவுண்ட்ல பைசா போவுது. நிறுத்த முடியுமா?

எங்க சித்தி வீட்டுலயே நடந்தது. டை கட்டுன ரெண்டு பேரு வந்தாங்க, பிள்ளைக்கு ஒரு டெஸ்ட் வச்சாங்க, “பையன் புத்திசாலி, ஆனா பேஸ்மென்ட் வீக்கு”ன்னாங்க, ஒரு டேப்ப கையில கொடுத்தாங்க. இவங்க ஆதார், பான், ஓடிபி எல்லாம் கொடுத்தாச்சு. மாசத் தவணைன்னு நினைச்சது உண்மையில சித்தப்பா பேருல ஒரு பைனான்ஸ் கம்பெனி கொடுத்த லோன். கிளாஸ் பிடிக்கலன்னு நிறுத்துனா கிளாஸ்தான் நிக்கும், லோன் நிக்காது. கட்டாம விட்டா சிபில் ஸ்கோர் (கடன் கொடுக்கலாமான்னு பேங்க் பாக்குத மார்க்) அடிவாங்கும். 2021 டிசம்பர்லயே மத்திய கல்வி அமைச்சகம் இந்த தானா பைசா போற ஏற்பாட்ட பத்தி பெத்தவங்கள எச்சரிச்சிருக்கு, யாரு வாசிச்சா.

செய்ய வேண்டியது: ஃபோன்ல கெஞ்சாதீங்க, எல்லாம் எழுத்துல. எந்த தேதியில சேந்தோம், ஏன் வேண்டாம்னு கிளாஸ் கம்பெனிக்கும் லோன் கம்பெனிக்கும் ஒரே இமெயில் போடுங்க. எத்தனை நாளைக்குள்ள வேண்டாம்னு சொன்னா பைசா திரும்ப வரும்னு ஒப்பந்தத்துல இருக்கும், அந்த தேதிக்குள்ள சொன்னா கை ஓங்கும். அசையலன்னா 1915, அது நுகர்வோர் உதவி எண். அதுக்கும் அசையலன்னா நாகர்கோவில்ல இருக்க மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி கம்பெனி எந்த ஊர்ல இருந்தாலும் நீங்க குடியிருக்க இடத்துலயே கேஸ் போடலாம், நீங்க கொடுத்த தொகை 5 லட்சம் வரைக்கும்னா பீஸ் இல்ல, ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும். சித்தி வீட்டுக்கு மூணு மாச இமெயிலுக்கு அப்புறம் பாதி பைசா திரும்ப வந்துச்சு. டேப் இப்போ சித்தப்பா சீரியல் பாக்குத டேப்.

எனக்க மோளு தமிழ் மீடியம். இந்த ஆன்லைன் எல்லாம் இங்கிலீஷ் பிள்ளையளுக்குத்தானே?

அப்படி இல்ல. நம்ம பாடநூல் முழுசும் பிடிஎஃபா ஓசியில எறக்கலாம், டிஎன்பிஎஸ்சி படிக்கிறவங்களும் கோச்சிங்குக்கு பைசா கட்டுததுக்கு முந்தி ஆறாம் கிளாஸ்ல இருந்து அத வாசிச்சாலே பாதி கிணறு தாண்டுன மாதிரி. என்பிடெல் பாடங்கள் பலதுக்கு தமிழ்லயும் மொழிபெயர்ப்பு உண்டு. தமிழ் மொழி, இலக்கியம் படிக்கணும்னா தமிழ் இணையக் கல்விக்கழகம், 2001லயே ஆரம்பிச்சாச்சு, அதாவது நம்மள்ல பல பேரு வீட்டுக்கு நெட் வர்றதுக்கு முந்தி.

இங்கிலீஷ் பாடந்தான் பாக்கணும்னா ஒரு வழி: அதே பாடத்த தமிழ் புஸ்தகத்துல மொதல்ல வாசிச்சிட்டு பொறவு வீடியோவ பாக்கச் சொல்லுங்க. விஷயம் முன்னாடியே தெரிஞ்சா பாஷை அவ்வளவு பயமுறுத்தாது.

சாட்ஜிபிடி எல்லா கணக்கும் போடுதே, பொறவு டியூசன் எதுக்கு டீச்சர்?

இத கேட்டது என்னோட பதினொண்ணாம் கிளாஸ் பையனேதான். அவன் அனுப்புன ஹோம்வொர்க் அச்சடிச்ச மாதிரி சுத்தமா இருந்துச்சு, ஒரு அடித்தம் இல்ல, “எனவே நாம் கண்டறிவது யாதெனில்”னு வேற எழுதியிருக்கான். கிளாஸ்ல வாய் தொறந்து “யாதெனில்”னு ஒருநாளும் சொன்னதில்ல அந்தப் பிள்ளை. மூணாவது வரியில மைனஸ் எப்படி மக்களே பிளஸ் ஆச்சுன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. பொறவு நெட் போயிருச்சுன்னு சொன்னான்.

அதுக்காக தொடவே கூடாதுன்னு சொல்லல. விடைய கேக்காம, தான் போட்ட கணக்க கொடுத்து எங்க தப்புன்னு கேக்கச் சொல்லுதேன். அதும் சில சமயம் தப்பா சொல்லும், அந்த தப்ப கண்டுபிடிச்சு எங்கிட்ட காட்டுனா ஒரு கடலைமிட்டாய் பந்தயம். இதுவரைக்கும் நாலு கொடுத்திருக்கேன்.

நானும் ஒங்கள மாதிரி ஆன்லைன்ல டியூசன் எடுக்கலாம்னு இருக்கேன் அக்கா. என்னெல்லாம் வேணும்?

போன், இயர்போன், ஒரு பிளாஸ்டிக் ஹேங்கர். ரெண்டு புஸ்தக அடுக்குக்கு நடுவுல ஹேங்கர குறுக்க வச்சு, அதுமேல போன படுக்க வச்சா பின் கேமரா நேரா கீழ நோட்டப் பாக்கும். நீங்க பேனாவால எழுதுதது பிள்ளைக்கு அப்படியே தெரியும். பேப்பர் நழுவாம இருக்க செலோ டேப், வலது பக்கத்துல ஒரு டேபிள் லைட், இல்லன்னா கை நிழல் எழுத்து மேல விழும். நான் டிஜிட்டல் பேனா எல்லாம் வாங்கிப் பாத்தேன், திரும்பவும் ஹேங்கருக்கே வந்துட்டேன்.

ஜூம் ஓசியில 40 நிமிஷத்துல கட் ஆவும், மீட்ல மூணு பேருக்கு மேல போனா 60 நிமிஷம். 40 நிமிஷம் கிளாஸ், கட் ஆனதும் பத்து நிமிஷம் எழுத்து வேலை, திரும்ப வந்து காட்டணும், இந்த கணக்கு எனக்கு தோதா இருக்கு. ஹோம்வொர்க்குக்கு கூகுள் கிளாஸ்ரூம், வாட்ஸ்அப்புல போட்டா குட்மார்னிங்குக்கு நடுவுல காணாம போவும். ஒரு பேட்ச்ல பன்னெண்டு பேருக்கு மேல எடுக்காதீங்க, பன்னெண்டு நோட்டுக்கு மேல ஒரு ராத்திரியில திருத்த முடியாது. மத்தபடி கிளாஸ ரெக்கார்டு பண்ணுததுக்கு முந்தி பெத்தவங்ககிட்ட எழுத்துல சம்மதம் வாங்கிக்கோங்க, பிள்ளைங்க முகமும் பேரும் அதுல இருக்கு.

ஆன்லைன் டெஸ்ட்ல எல்லாரும் நூத்துக்கு நூறு வாங்குதாங்க. எப்படி தடுக்க?

தடுக்க முடியாது, நான் விட்டுட்டேன். ஒவ்வொருத்தருக்கும் ரோல் நம்பர வச்சு எண்ண மாத்திக் கொடுப்பேன், உங்க நம்பர் 7னா கணக்குல அகலம் 7 சென்டிமீட்டர், அப்போ விடை ஆளாளுக்கு வேற. அதுக்கு மேல சந்தேகம்னா மேல சொன்ன மைனஸ் கேள்விதான், ரெண்டு நிமிஷம் வாயால விளக்கச் சொன்னா தெரிஞ்சுரும். மார்க் வேணும்னா மாசத்துக்கு ஒருதடவை திண்ணையில உக்காந்து எழுதணும்.

கேமராவ ஆன் பண்ணச் சொன்னா பிள்ளை மாட்டேங்குது. என்ன செய்ய?

மொதல் வருஷம் நானும் இதுக்கு கத்தியிருக்கேன். ஒரு பிள்ளை ஒருநாளும் ஆன் பண்ணாது, அடம்னு நினைச்சேன். அவங்கம்மா திங்கள்சந்தையில பாத்து சொன்னாங்க, வீடு ஒரே ரூம், பின்னால தாத்தா படுக்கையில கெடக்காரு, ஆன் பண்ணா அது எல்லாரு கண்ணுலயும் படும்னுதான் பிள்ளை ஆன் பண்ணலன்னு. எனக்கு அன்னைக்கு கிளாஸ் எடுக்க முடியல.

2021ல ஸ்டான்போர்டுல பெய்லன்சன்னு ஒரு பேராசிரியர் ஜூம் களைப்பு பத்தி எழுதுனாரு, நாள் முழுக்க கண்ணாடியில தன் மூஞ்சியவே பாத்துட்டு இருக்க மாதிரி ஆளுக்கு அலுப்பு தட்டுதுன்னு. அதுக்கு தன் படத்த மறைச்சு வைக்கலாம்னு ஒரு வழி சொல்லுதாரு. நான் வேற வழி பிடிச்சேன். எல்லாரும் ஒரு ஹேங்கர் எடுத்துட்டு வாங்கன்னேன், கேமராவ நோட்டப் பாத்து வைக்கச் சொன்னேன், மூஞ்சி வேண்டாம். இப்போ ஏழரைக்கு கிளாஸ் தொறந்தா ஸ்கிரீன்ல பன்னெண்டு கட்டத்துலயும் பன்னெண்டு நோட்டும் பன்னெண்டு கையும் இருக்கும். யாரு எழுதுதா, யாரு பேனாவ சுத்திட்டு இருக்கான்னு பேரு பாக்காமலே சொல்லுவேன். அந்தப் பிள்ளைக்கு வலது கட்டைவிரல்ல ஒரு மச்சம் உண்டு, மொத ஆளா எழுத ஆரம்பிக்கிற கை அதுதான்.